மனையில் கரைந்து அணையில் படியும் மண்!

பத்திரிகையில் தினந்தோறும் ஒரு மூலையில் அணைகளின் நீர்மட்டம் வெளியாகிறது. மேட்டூர் இத்தனை அடி, பவானிசாகர் இத்தனை அடி, சாத்தனூர் இத்தனை அடி என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். மற்றச் செய்திகளைப் படிக்கிறார்களோ இல்லையோ, விவசாயிகள் அந்த மூலையைப் பார்க்காமல் பத்திரிகையைக் கீழே வைப்பதில்லை. அந்த வரிசையில் கிருஷ்ணகிரி அணைக்கும் ஓர் இடம் உண்டு. அதன் முழு அளவு 52 அடி.

1957-ம் வருஷம் அப்போதைய முதலமைச்சர் காமராஜ் இந்த அணையைத் திறந்து வைத்தார். அன்று முழு அளவு 52 அடி; இன்றும் 52 அடிதான். ஆனால் அந்த 52 அடிக்கும் இந்த 52 அடிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. கட்டிய காலத்தில் அணை நிரம்பினால் ஏறத்தாழ 240 கோடி கன அடித் தண்ணீர் நின்றது. இப்போது நிரம்பினால் நிற்பது 166 கோடியே 60 லட்சம் கன அடி. பத்துப் பங்கில் மூன்று பங்கு காணாமற் போய்விட்டது!

எங்கே போயிற்று? சுவர் தாழ்ந்துவிட்டதா? இல்லை. யாராவது அணையைச் சிறிதாக்கினார்களா? அதுவும் இல்லை. தண்ணீர் இருந்த இடத்தில் மண் வந்து குடியேறிவிட்டது. வாடகை கொடுக்காமல் வந்த குடித்தனக்காரர் வீட்டின் மூன்று அறைகளைப் பிடித்துக்கொண்டது போன்ற கதைதான் இது. குடித்தனக்காரராவது ஒரு நாள் காலி செய்வார் என்று நம்பலாம். மண் தானாகக் காலி செய்வதே இல்லை.

நூறு வருஷ லாரி ஓட்டம்

"அதற்கென்ன, லாரியை வைத்து அள்ளிவிட்டால் போகிறது!" என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அணை இழந்த இடம் ஏறத்தாழ 73 கோடி கன அடி. மணல், மண் வியாபாரத்தில் 100 கன அடியை ஒரு யூனிட் என்பார்கள். ஆகவே இது 73 லட்சம் யூனிட். ஒரு லாரிக்கு 2 யூனிட் என்று வைத்துக்கொண்டால் முப்பத்தாறரை லட்சம் நடை. தினம் 100 நடை வீதம், ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி எதுவும் பாராமல் ஓட்டினாலும் 36,500 நாள் வேண்டும். அதாவது 100 வருஷம்! அந்த நூறு வருஷத்தில் ஆறு சும்மா இருக்குமா? ஒரு பக்கம் நாம் அள்ள அள்ள, மறு பக்கம் அது கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும்.

அள்ளிய மண்ணை எங்கே போடுவது என்பது இன்னொரு கேள்வி. இந்த அணையின் பாசன நிலம் 9,012 ஏக்கர். அவ்வளவு நிலத்திலும் பரப்பினால் ஏறத்தாழ 2 அடி உயரத்துக்கு மண் நிற்கும்!

சரி, போன இடம் தண்ணீரைத் தாங்கியிருந்தால் என்ன பிரயோஜனம்? 73 கோடி கன அடி என்பது 2,000 கோடி லிட்டருக்கு மேல். தலைக்குத் தினம் 135 லிட்டர் வீதம் கொடுத்தால், 4 லட்சம் ஜனங்களுக்கு ஒரு வருஷம் முழுவதும் போதும்.

கடைமடைக்காரரின் கவலை

அணையின் இரு கால்வாய்களும் பெரியமுத்தூர், திம்மாபுரம், சவுளூர், காவேரிப்பட்டணம், பாலேகுளி முதலிய ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. ஆடி, ஆவணியில் முதல் போகம். தை பிறந்ததும் இரண்டாம் போகம். முதல் போகத்துக்கு மழை கொஞ்சம் கைகொடுக்கும். இரண்டாம் போகத்துக்கு அணையில் தேங்கியிருப்பதுதான் ஆதாரம். பணக்காரர் வங்கியில் போட்டு வைப்பதைப்போல் ஐப்பசி, கார்த்திகையில் வரும் தண்ணீரைப் போட்டு வைத்து, பங்குனி வரை எடுத்துச் செலவு செய்ய வேண்டும்.

பெட்டி சிறிதாகிவிட்டால் என்ன ஆகும்? வெள்ளம் வரும் நாளில் அணை சீக்கிரம் நிரம்பி, உபரி நீர் சாத்தனூரை நோக்கிப் போய்விடும். வெயில் காலத்திலோ சீக்கிரம் வற்றும். மழைக் காலத்தில் வெள்ள பயம், கோடையில் வறட்சி பயம் என்று இரண்டும் ஒரே மண்ணால் வருகின்றன. இந்த நஷ்டம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதும் இல்லை. தலைமடைக்காரருக்குத் தண்ணீர் எப்படியோ பாய்ந்துவிடும். இரண்டாம் போகத்தில் பயிர் பால் பிடிக்கும் சமயத்தில் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் கடைமடைக்காரர்தான்.

இன்னொரு விஷயம். அணை கட்டும்போதே வண்டலுக்கென்று அடியில் கொஞ்சம் இடம் ஒதுக்குவது என்ஜினீயர்களின் வழக்கம். ஆனால் வண்டல் அவர்கள் ஒதுக்கிய இடத்தில் மட்டும் சமர்த்தாகப் போய்ப் படுத்துக்கொள்வதில்லை. ஆற்று நீர் அணைக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. கனமான மணல் அங்கேயே வாயிலில் படிகிறது. நுண்ணிய களி மட்டுமே சுவர் வரை வந்து படிகிறது. ஆகவே உபயோகப்படும் மேல் இடமும் சேர்ந்தே தூர்ந்துபோகிறது.

நந்தி மலையிலிருந்து ஓசூர் வரை

இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது? ஆற்றின் வழியே போய்ப் பார்க்க வேண்டும்.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பிரதேசத்தில் பிறக்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூரின் கிழக்குப் புறமாக இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி வரும் நகரத்துக் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டு தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறது. எல்லை தாண்டியதும் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை. 1990-களில் கட்டப்பட்ட அதன் உயரம் 44.28 அடி; கொள்ளளவு 48 கோடி கன அடி; பாசனம் 8,000 ஏக்கர். மழைக் காலத்தில் மதகு திறந்தால் தண்ணீருக்கு மேல் பஞ்சுப் பொதி போல் நுரை புரண்டு வரும் காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். நுரை கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே அதைப்பற்றிப் பேசுகிறோம். அடியில் கலங்கிப் போகும் செம்மண்ணை யாரும் கவனிப்பதில்லை.

ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட ஆயிரம் அடிக்கு மேல் தாழ்ந்த ஊர். இரண்டுக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர். மேட்டில் கரைந்த மண் இந்தச் சரிவில் உருண்டு அணைக்கு வந்து சேருவதில் ஆச்சரியம் இல்லை.

இந்த மேட்டு நிலம் நெடுங்காலம் கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளைந்த மானாவாரிப் பூமி. 1971-ல் சிப்காட் ஸ்தாபனம் ஏற்பட்ட பிறகு, பெங்களூருக்கு மிக அருகே, ஆனால் தமிழ்நாட்டு எல்லைக்குள், தொழிற்பேட்டை அமைக்க ஓசூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1980-களில் இங்கிருந்து மொபெட்டும் லாரியும் கைக்கடிகாரமும் இந்தியா முழுவதும் போயின. 2004-ல் கிருஷ்ணகிரி தனி ஜில்லா ஆயிற்று. 2011-ம் வருஷக் கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியின் ஜனத்தொகை 1 லட்சத்து 16 ஆயிரம். 2019-ல் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்போவதாக 2024-ம் வருஷம் சர்க்கார் அறிவித்தது. தொழில் வளர்ந்தது, பிழைப்பு வந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயல் மனையாக மாறும்போது மண்ணுக்கு என்ன நேருகிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

மழைத்துளி என்ற சம்மட்டி

மண்ணை அரிப்பது ஓடும் தண்ணீர்தான் என்று நெடுங்காலம் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1940-களில் எல்லிசன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, முதல் குற்றவாளி ஓடும் நீர் அல்ல, விழும் துளி என்று பரீட்சை செய்து காட்டினார்.

பெரிய மழைத்துளி ஒன்று மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. துளி சிறிதுதான். ஆனால் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழும் தண்ணீரின் எடை 40 டன்! அத்தனையும் சிறு சிறு சம்மட்டிகளாக விழுந்து மண் கட்டியை உடைக்கின்றன. உடைந்த தூள் எகிறித் தெறிக்கிறது. அந்தத் தூளே மண்ணின் கண்களை அடைத்துவிடுகிறது. தண்ணீர் கீழே இறங்க வழியின்றி மேலே ஓடத் தொடங்குகிறது. ஓடும்போது தூளையும் தூக்கிக்கொண்டு போகிறது. முதலில் விரற்கடை அகலக் கோடு. அடுத்த மழையில் சாண் அகல வாய்க்கால். அதற்கடுத்து ஆள் இறங்கும் பள்ளம்.

கிருஷ்ணகிரி ஜில்லாவில் வருஷ மழை சாதாரணமாக ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்படிப் பெய்தது என்பதே முக்கியம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏக்கருக்கு 2,000 டன் தண்ணீர்! ஏரி நிரம்பி வழிந்து, சாலையில் நின்ற வாகனங்களை வெள்ளம் இழுத்துப்போன காட்சியை ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஐந்து கேள்விகள்

மண் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் அமெரிக்காவில் பர்டூ சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்த விஷ்மயர், ஸ்மித் இருவர். பல ராஜ்யங்களில் சரிவான பாத்திகளை அமைத்து, வருஷக் கணக்கில் அவற்றிலிருந்து வழிந்த மண்ணைப் பிடித்து எடை போட்டிருந்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாத்தி-வருஷங்களின் கணக்குகளைத் திரட்டி, அவர்கள் 1965-ல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் இன்றும் அதையும் அதன் திருத்திய வடிவங்களையும் உபயோகிக்கிறார்கள். கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் இந்த முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சூத்திரம் என்றதும் பயப்பட வேண்டாம். அது ஐந்து கேள்விகள்தான். மழை எவ்வளவு வேகமாக அடிக்கிறது? மண் எவ்வளவு எளிதில் கரையக் கூடியது? சரிவு எவ்வளவு நீளம், எவ்வளவு செங்குத்து? மண்ணுக்கு மேலே என்ன போர்வை இருக்கிறது? வரப்பு, கரை முதலிய தடுப்பு உண்டா? ஐந்துக்கும் ஒவ்வோர் எண் கொடுத்து, ஒன்றோடொன்று பெருக்கினால் வருஷத்தில் போகும் மண்ணின் அளவு கிடைக்கும்.

இந்த ஐந்தில் மழை நம் கையில் இல்லை. மண்ணின் சுபாவமும் நம் கையில் இல்லை. சரிவைக் கொஞ்சம் மாற்றலாம். போர்வையும் தடுப்பும் முழுக்க நம் கையில் இருக்கின்றன. போர்வையின் சக்தியைப் பாருங்கள். வெறும் மண்ணுக்கு அந்த எண் 1. நல்ல புல் அடர்ந்து மூடியிருந்தால் அது நூறில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவு. அதே மழை, அதே மண், அதே சரிவு. புல் இல்லாத இடத்தில் 100 கூடை மண் போனால், புல் உள்ள இடத்தில் ஒரு கூடை!

பால்டிமோர் சொன்ன பாடம்

மண் அரிப்பு என்றால் விவசாயியின் தலைவலி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நம் நாட்டிலும் அப்படித்தான். 1953-ல் மத்திய மண் பாதுகாப்பு வாரியம் அமைந்தது. 1954-ல் உதகமண்டலத்தில் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. சம மட்ட வரப்பு போடுவது, மலைச் சரிவில் படிக்கட்டு போல நிலம் திருத்துவது, ஓடையில் கல் தடுப்பு வைப்பது எல்லாம் வயலையும் காட்டையும் மனத்தில் வைத்துச் சொன்ன யோசனைகள். அவை தேவையும்தான். டேராடூன் மண் பாதுகாப்பு விஞ்ஞானிகளான துருவ நாராயணாவும் ராம் பாபுவும் 1983-ல் போட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வருஷத்துக்கு 533 கோடி டன் மண் அரிக்கப்படுகிறது. அதில் 100-க்கு 29 பங்கு கடலுக்குப் போகிறது; 10 பங்கு அணைகளில் படிகிறது; மிச்சம் இடம் மாறுகிறது.

நகரத்தின் பங்கைத் தனியாக எடுத்துக் காட்டியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் வோல்மன். பால்டிமோர், வாஷிங்டன் நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் வேகமாக எழுந்த காலம் அது. அவரும் ஷிக் என்பவரும் மேரிலாந்து ராஜ்யத்தின் ஓடைகளில் வரும் வண்டலை ஆராய்ந்து 1967-ல் முடிவை வெளியிட்டார்கள். உழுத நிலங்களிலிருந்து ஒரு சதுர மைலுக்கு வருஷத்தில் சில நூறு டன் வண்டல் வந்தது. கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்தோ பல ஆயிரம் டன் தொடங்கி, ஒரு லட்சம் டன்னுக்கு மேலும் வந்தது! நம் கணக்கில் சொன்னால், வயலில் ஏக்கருக்கு ஒரு டன்னுக்கும் குறைவு. தோண்டிப் போட்ட மனையில் ஏக்கருக்கு 150 டன்னுக்கு மேலும் போகலாம்.

வோல்மன் சொன்ன இன்னொரு விஷயம் அதைவிட முக்கியமானது. காடு வயலாகும்போது மண் அரிப்பு கொஞ்சம் கூடுகிறது. வயல் நகரமாகும் இடைக்காலத்தில் அது மலைபோல் உயருகிறது. கட்டி முடித்து, சாலை போட்டு, புல் முளைத்த பிறகு மளமளவென்று இறங்கிவிடுகிறது. ஆகவே முழு அபாயமும் அந்த இடைக்காலத்தில்தான் இருக்கிறது. பழைய பயிரும் போய், புதிய வீடும் வராமல், பூமி வெறும் மேனியோடு மழையில் நிற்கும் ஒன்றிரண்டு வருஷங்கள் அவை. இந்த ஆராய்ச்சிகளுக்குப் பின் 1970-ல் மேரிலாந்து ராஜ்யம், மண் வெளியே போகாமல் தடுக்கும் ஏற்பாடு செய்யாமல் பெரிய மண் வேலை தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

நகரம் கட்டி முடிந்ததும் தொல்லை தீர்ந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. கூரையும் சிமெண்டுத் தரையும் மழையை உறிஞ்சுவதில்லை. ஒரு மணி நேரத்தில் நிதானமாகப் போக வேண்டிய தண்ணீர், பத்து நிமிஷத்தில் ஓடைக்குள் பாய்கிறது. ஓடை தாங்காமல் தன் கரையையே அறுத்துக்கொள்கிறது. அந்தக் கரை மண்ணும் அணைக்குத்தான் போகிறது.

வரப்புக்கு ஆள் உண்டு; மனைக்கு யார்?

இந்தப் பாடத்தை ஓசூர் வட்டாரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

கிருஷ்ணகிரி அணை தூர்ந்ததற்கு நகரம் ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆரம்ப காலத்து வண்டல் பெரும்பாலும் மானாவாரிக் காடுகளிலிருந்தும் மொட்டைக் குன்றுகளிலிருந்தும் வந்ததுதான். ஆனால் வயலுக்கு ஒரு காவல்காரர் இருக்கிறார். இரவில் மழை கொட்டினால் விடியற்காலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு விவசாயி வரப்பைச் சுற்றி வருவார். உடைப்பு இருந்தால் அங்கேயே அடைப்பார். போகும் மண் தன் மண் என்பது அவருக்குத் தெரியும்.

மனைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? நிலம் மனைப் பிரிவாகிறது. பொக்லைன் யந்திரம் வருகிறது. மரம், புதர், வரப்பு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வழித்துச் சமன் செய்கிறது. சாலைக்குக் கோடு வெட்டி, மூலைக்கல் நட்டு, கொடி கட்டி விற்கிறார்கள். விற்றவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். வாங்கியவர் வெளியூரில் இருக்கிறார். பெண் கலியாணத்துக்கு ஆகும் என்று வாங்கிப் போட்டவர். கட்டடம் எழுப்பப் பல வருஷம் ஆகும். வோல்மன் சொன்ன ஒன்றிரண்டு வருஷ இடைக்காலம் இங்கே ஐந்து, பத்து வருஷமாக நீண்டுவிடுகிறது.

"என் மனையிலிருந்து என்ன பெரிய மண் போய்விடும்?" என்று கேட்கலாம். முப்பதுக்கு நாற்பது மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம்; 1,200 சதுர அடி. ஒரு மழையில் ஒரு மில்லிமீட்டர் மண் கரைந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது 4 கன அடி. எடை ஏறத்தாழ 150 கிலோ. இரண்டு மூட்டை நெல்லின் கனம்! 200 ஏக்கர் வேலை நடக்கும் இடத்தில் ஒரு பருவத்தில் 5 மில்லிமீட்டர் போனால் 1 லட்சத்து 40 ஆயிரம் கன அடி. 700 லாரிச் சுமை. சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் சொன்ன பழமொழி அல்ல.

ஏரிகள் பார்த்த வேலை

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் ஏமாளிகள் அல்ல. இந்த மேட்டுப் பிரதேசம் முழுவதும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை வெட்டி வைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்கு வழியும். ஒவ்வோர் ஏரியும் கொஞ்சம் வண்டலைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். கோடையில் ஏரி வற்றியதும் ஊரார் வண்டி கட்டிப்போய் அந்த வண்டலை வாரி வயலில் அடிப்பார்கள். போன மண் வீடு திரும்பிவிடும். உரச் செலவும் மிச்சம். விவசாயிகளும் குயவர்களும் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள 2017-ல் தமிழக சர்க்கார் வழி செய்ததும் இந்தப் பழைய முறையை உயிர்ப்பிக்கத்தான்.

ஆனால் நகரத்துக்குள் அகப்பட்ட ஏரியின் கதி வேறு. அங்கே வந்து படிவது வயல் வண்டல் அல்ல. சிமெண்டுச் சக்கை, உடைந்த செங்கல், பிளாஸ்டிக், சாக்கடைக் களி எல்லாம் கலந்த சேறு. அதை எந்த விவசாயி தன் வயலில் அடிப்பார்? ராஜகால்வாய்கள் தூர்ந்து, ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் தெருவில் பாய்கிறது. இடையில் பிடித்து நிறுத்தும் கைகள் ஓய்ந்துவிட்டால், மண் நேரே ஆற்றுக்கும் அணைக்கும் போகாமல் என்ன செய்யும்?

என்ன செய்யலாம்?

இதற்குக் கோடிக் கணக்கில் பணமோ வெளிநாட்டு யந்திரமோ வேண்டியதில்லை. அபாயம் இடைக்காலத்தில் இருப்பதால், வைத்தியமும் இடைக்காலத்துக்கு மட்டும் செய்தால் போதும்.

முதலாவது, காலம். மண் வேலையைத் தை, மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டு, பருவ மழைக்கு முன் முடிப்பது. வீட்டுக் கூரையை ஐப்பசியில் பிரிப்பவர் உண்டா? பூமியின் கூரையை மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்? தவிர, 200 ஏக்கரையும் ஒரே நாளில் வழிக்காமல், வேலை நடக்கும் பகுதியை மட்டும் திறந்தால் பாதி நஷ்டம் அப்போதே குறையும்.

இரண்டாவது, மேல்மண். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன. அதைத் தனியாக வழித்துக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால், வேலை முடிந்ததும் தோட்டத்துக்கு ஆகும். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2006-ம் வருஷச் சுற்றுச்சூழல் விதிப்படி முன் அனுமதி வேண்டும். மேல்மண்ணைக் காப்பது அந்த அனுமதியில் வழக்கமாக வரும் நிபந்தனை. காகிதத்தில் உள்ளது களத்திலும் நடக்க வேண்டும். சின்ன மனைகளுக்கும் நகராட்சிகள் இதே புத்தியைச் சொல்லலாம்.

மூன்றாவது, போர்வை. சும்மா கிடக்கும் மனையில் கொள்ளு விதைத்தால் ஒரு மாதத்தில் படர்ந்து மூடிவிடும். வெட்டிய சரிவில் வைக்கோலோ தென்னைநார் விரிப்போ போடலாம். ஓரத்தில் வரிசையாக வெட்டிவேர் நடலாம். மைசூருக்குத் தெற்கே குண்டல்பேட்டை வட்டாரத்து விவசாயிகள் நெடுங்காலமாக வயல் ஓரத்தில் வெட்டிவேர் வேலி வைத்து மண்ணைக் காத்து வந்தார்கள். 1980-களில் உலக வங்கி நிபுணர்கள் அதைப் பார்த்து வியந்து, மற்ற நாடுகளுக்கும் சிபாரிசு செய்தார்கள். நம் பக்கத்து வீட்டு வைத்தியம் சீமைக்குப் போய்ப் பெயர் வாங்கிவிட்டது. நம் வீட்டில்தான் இன்னும் உபயோகத்துக்கு வரவில்லை!

நான்காவது, பள்ளம். மனைப் பிரிவின் தாழ்ந்த மூலையில் ஒரு வண்டல் குழி வெட்டி, எல்லா மழைநீரும் அதில் தேங்கித் தெளிந்த பிறகே ஓடைக்குப் போகும்படி செய்ய வேண்டும். மழைக்குப் பின் இரண்டு ஆள் ஒரு நாளில் அந்த மண்ணை வாரி மேலே போட்டுவிடலாம். குழிக்குள் இருக்கும் வரை அது நம் மண். ஓடையில் கலந்துவிட்டால் அணையின் மண்.

ஐந்தாவது, இரு ராஜ்யங்களின் ஒத்துழைப்பு. தண்ணீரைப் பங்கிடுவதில் தகராறு வருவது சகஜம். வண்டலைத் தடுப்பதில் தகராறுக்கு இடமே இல்லை. பெங்களூர்ப் பக்கம் ஓடையில் நிற்கும் மண்ணால் அங்குள்ள ஏரிகளும் பிழைக்கும். இங்குள்ள அணைகளும் பிழைக்கும்.

ஓசூரில் இன்னும் எத்தனையோ தொழிற்சாலைகள் எழும்; எழவும் வேண்டும். விமான நிலையம் வந்தால் அதற்கும் மேடு பள்ளம் நிரவத்தான் வேண்டும். அந்த வேலைகளின் திட்டச் செலவில் வைக்கோலுக்கும் வண்டல் குழிக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குவது பெரிய காரியம் அல்ல. அணையில் அள்ளுவதைவிட மனையில் நிறுத்துவது மலிவு. அங்கே நூறு வருஷம் லாரி ஓட வேண்டும். இங்கே ஒரு பிடி கொள்ளு விதை போதும். மனை வைத்திருப்பவர்கள் அடுத்த மழைக்கு முன் ஒரு நடை போய், தங்கள் மண் எந்த மூலை வழியாக வெளியே போகிறது என்று பார்த்துவிட்டு வந்தால், பாலேகுளிப் பக்கத்துக் கடைமடைக்காரர் அவர்களை வாழ்த்துவார்.